உயிரோடிருப்பவர் பெயர் கூடாது

சக்கரம் உருட்டுவது என் வேலை.
கைப்பிடி வைத்த ஒற்றைச் சக்கரம்,
சுற்றுக்கொரு ‘டிக்’.
மேற்கு வர்ஜீனியா மலை மடிப்புகளில்
பெயர் என்ற தொந்தரவே இல்லாமல்
இருநூறு ஆண்டு புரண்டு கிடந்த பாதைகளைக்
கவுண்டி அலுவலகம் என்னிடம் தந்து
பெயர் வை என்றது,
எண் போடு என்றது.

விதிகள் ஒன்பது பக்கம்.
மூன்று வீடிருந்தால் அது சாலை,
இரண்டென்றால் யாரோ ஒருவரின் வண்டித்தடம்.
மைலை ஆயிரமாய்ப் பிளக்க வேண்டும்,
இடப்பக்கம் ஒற்றை, வலப்பக்கம் இரட்டை.
ஒரு பெயர் ஒருமுறைதான்.
எங்களிடம் பதினோரு மேப்பிள் சாலை இருந்தது;
பத்து மேப்பிளை வெட்டினேன்,
வெட்டுக்கொரு வசவுக் கடிதம் வந்தது.
வசவையே பெயராய்க் கேட்டவர்களும் உண்டு.
நான்கு (இ): உயிரோடிருப்பவர் பெயர் கூடாது.

இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.
உயிரோடிருப்பவர்
நாளைக்குத் தேர்தலில் நிற்கலாம்,
பக்கத்து வீட்டு நாயைச் சுடலாம்.
பலகையைப் பிடுங்கக் காசு யார் தருவது?

ஒரு செவ்வாய்க்கிழமை
ஹார்லன் ஸ்டில்ட்னர் வந்தார்.
தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்,
பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.
படிவம் சுத்தமாய் நிரப்பியிருந்தது,
மூன்று வீட்டின் கையெழுத்தும் இருந்தது.
கோரும் பெயர்: டெல்ஃபியா.

யார் என்றேன்.
மனைவி என்றார்.
இறந்துவிட்டார்களா என்றேன்,
அதுதான் படிவத்தின் அடுத்த கட்டம்.

அவர் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார்.
‘தொண்ணூற்றிரண்டில் பல் வைத்தியரிடம் போனாள்.
பல்லைப் பிடுங்கிக்கொண்டது உண்மை,
ரசீது இருக்கிறது.
அதற்கப்புறம் தெரியாது.’

இறந்திருந்தால் சான்றிதழ் வேண்டும்.
இருந்தால் நான்கு (இ).
காணாமல் போனவரை
இறந்தவர் என்று அறிவிக்கக் கோரி மனு போடலாம்,
மேல் மாடியில் நீதிமன்றம், லிஃப்ட் வேலை செய்யாது
என்று வாய் தன் பாட்டில் சொல்லிக்கொண்டே போயிற்று.

‘ஒரு பலகைக்காக
அதை என் கையால் எழுதித் தர மாட்டேன்’ என்றார்.
கோபமில்லை. விலை கேட்டுவிட்டு
பொருளைத் திருப்பி வைப்பவரின் குரல்.

அனுமதித்த பெயர்ப் பட்டியலை நீட்டினேன்.
பறவை, மரம், பூ, கல்.
விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு
அரைமணி நேரம் புரட்டினார்.
எனக்குப் பின்னால் ஃபோன் அடித்தபடி இருந்தது.
பூக்கள் பக்கத்தில் விரல் நின்றது.

‘டெல்ஃபினியம். இது பூவா?’
பூதான். நீலம். ஆளுயரம் வளரும்.
‘உயிரோடிருப்பதா?’
அவர் சிரிக்கவில்லை, அதனால் நானும் யோசித்தே சொன்னேன்:
குளிர்காலத்தில் செத்தது மாதிரிதான் கிடக்கும்.
முத்திரையை இரண்டு முறை குத்தினேன்,
முதல் தடவை மை இல்லை.

ஏப்ரலில் சக்கரத்தோடு போனேன்.
118, 233, கடைசியில் அவருடையது, 461.
எதிரே சுமாக் புதர் மட்டும்.
அதற்கு என்ன எண் என்று கேட்டார்.
460, ஆனால் அங்கே வீடு இல்லையே என்றேன்.
‘இல்லை’ என்று ஒத்துக்கொண்டு
எண்களைக் கதவில் அடிக்க ஆரம்பித்தார்,
நாலங்குல உயரம், இரவில் ஒளிரும் ரகம்,
விதிப்படி.

233-இல் இருக்கும் பியூலா க்ரிகர்தான்
மாதம் தவறாமல் ஃபோன் செய்கிறாள்:
இதென்ன பெயர், எழுத வரவில்லை,
மருந்துக்கடைக்காரனுக்கும் வரவில்லை.
பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்,
டெல்ஃபியா என்றாலும்
தபால் வந்து சேரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்பது பக்கத்திலும் அப்படி ஒரு விதி இல்லை.